200 நிமிஷம்... 12 பேர்!

ஒரு குட்டிக் கணக்கோட ஆரம்பிக்கலாம். பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்குக் கஷ்டமான கணக்கு இல்லை!

காலேஜ் பேஸ்கட்பால் மேட்ச் மொத்தம் 40 நிமிஷம். 10 நிமிஷமா நாலு குவார்ட்டர். ஒரு நேரத்தில் ஒரு டீமுக்கு கோர்ட்டில் 5 பேர். 40 பெருக்கல் 5... மொத்தம் 200 நிமிஷம். ஓவர்டைம் போகாத வரைக்கும் ஒரு கோச் கையில் இருக்கிற சொத்து இவ்வளவுதான். டீம் லிஸ்ட்டிலோ 12 பேர். சமமாப் பிரிச்சா ஆளுக்கு 16 நிமிஷம் 40 செகண்ட். கேக் வெட்டின மாதிரி வெட்டிக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானேன்னு தோணுதா?

அங்கேதான் வில்லங்கமே! அந்தக் கேக் வளராது. ஒருத்திக்கு ஒரு நிமிஷம் கூடக் கொடுக்கணும்னா, இன்னொருத்தி தட்டில் இருந்து ஒரு நிமிஷத்தை எடுத்தே ஆகணும். எடுக்கிறது யாரிடம் இருந்து, அதை அவகிட்ட எப்படிச் சொல்றது... பேஸ்கட்பாலில் டிரிப்ளிங், ஷூட்டிங் எல்லாத்தையும்விட கஷ்டமான விஷயம் இதுதான்னு அடிச்சுச் சொல்வேன். ஏன்னா, ஒரு வருஷமா அந்த நிமிஷங்களை எண்ணினவ நான்தான்.

நான் பி.காம். மூணாவது வருஷம். கோவையில் ஒரு பெண்கள் காலேஜ். டீமில் பாயின்ட் கார்ட். முதல் ரெண்டு வருஷமும் மேட்ச்சுக்கு 30 நிமிஷம் ஆடின ஆள். இப்ப எனக்கு டீமில் இன்னொரு போஸ்ட்டும் உண்டு... நிமிஷக் கணக்குப்பிள்ளை!

முட்டி போச்சு, நோட்டு வந்துச்சு

ரெண்டாவது வருஷக் கடைசியில் ஒரு ப்ராக்டீஸ் மேட்ச். எகிறி ரீபவுண்ட் எடுத்து இறங்கும்போது முட்டிக்குள்ளே ‘டொக்’னு ஒரு சத்தம். ஏ.சி.எல்.னு சொல்ற முட்டித் தசைநார் கிழிஞ்சுபோச்சு. எகிறிக் குதிச்சு சட்டுனு திரும்புற ஆட்டங்களில் பசங்களைவிடப் பொண்ணுங்களுக்கு இந்தக் காயம் வர்ற வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொன்னார். ஆபரேஷன். அப்புறம் குறைஞ்சது ஒன்பது மாசம் கோர்ட்டில் இறங்கவே கூடாது.

ஊன்றுகோலோட கிரவுண்டுக்குப் போய் ஓரமா உட்கார்ந்திருந்தேன். எங்க பி.டி. மேம் வந்தார். ‘‘சும்மா உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல போய் நாலு கிராஃப் ஷீட் வாங்கிட்டு வா’’ன்னார்.

வாங்கிட்டு வந்தேன். குறுக்கே 12 வரிசை, ஆளுக்கு ஒண்ணு. நெடுக்க 40 கட்டம், நிமிஷத்துக்கு ஒண்ணு. யார் எந்த நிமிஷம் கோர்ட்டில் இருக்காளோ அவ கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கணும். அவ உள்ளே இருந்தப்ப நம்ம டீம் எத்தனை பாயின்ட் போட்டுச்சு, எதிர் டீம் எத்தனை போட்டுச்சுன்னு பக்கத்தில் குறிக்கணும். இதுக்குப் பேர் ப்ளஸ்-மைனஸ். அவ்வளவுதான் வேலை.

ஆனா, அந்தக் கட்டம் போட்ட பேப்பர் பேச ஆரம்பிச்சதும்தான் விஷயமே தெரிஞ்சுது!

ஒரு கறுப்புக் கோடு... ஒரு வெள்ளைக் கோடு

நாலு மேட்ச் முடிஞ்சதும் கிராஃப் ஷீட்டை வரிசையா அடுக்கிப் பார்த்தேன். ரெண்டு வரிசை கண்ணைக் குத்துச்சு.

முதலாவது, எங்க சென்டரோட வரிசை. என் க்ளாஸ்மேட், என் ரூம்மேட். அவ வரிசையில் முதல் கட்டத்தில் இருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் கறுப்பு. 38 நிமிஷம், 40 நிமிஷம், 37, 39... நாலு மேட்ச்சில் 154 நிமிஷம்! அதுவும் சிமென்ட் கோர்ட்டில், பகல் 11 மணி வெயிலில். முதல் மூணு குவார்ட்டரில் பத்து ஃப்ரீ த்ரோவுக்கு ஏழு போடற கை, கடைசி குவார்ட்டரில் பத்துக்கு நாலுன்னு இறங்கியிருந்துச்சு. கை அதே கைதான். கால் செத்துப்போச்சு. ஃப்ரீ த்ரோ கையால போடற மாதிரி தெரியும். உண்மையில் அது முட்டியில் இருந்து கிளம்பி வர்ற சக்தி.

ரெண்டாவது வரிசை முழு வெள்ளை. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. சொந்த ஊர் பெரியகுளம். வருஷா வருஷம் அகில இந்திய பேஸ்கட்பால் டோர்னமென்ட் நடக்கிற ஊர். மே மாசம் கேலரியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தே வளர்ந்த பொண்ணு. ஆறடிக்கு ரெண்டு அங்குலம் கம்மி. ஆனா, அவ ஆடற இடமும் சென்டர்தான். சென்டர் 40 நிமிஷமும் ஆடினா, ரெண்டாவது சென்டருக்கு எவ்வளவு மிஞ்சும்? அதேதான்!

நாலாவது மேட்ச்சுக்கு அவ அப்பா பெரியகுளத்தில் இருந்து நைட் பஸ் பிடிச்சு வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை நிறைய மாங்காய். மேட்ச் முழுக்க பெஞ்ச்சையே பார்த்துட்டு இருந்தார். அவ போட்டிருந்த டிராக் சூட் ஜிப்பைக்கூடக் கழட்டலை. மேட்ச் முடிஞ்சதும் மெதுவா வந்து கேட்டார்...

‘‘ஏம்மா, உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?’’

அவ ‘‘ஆமாப்பா, லேசா காய்ச்சல்’’னுட்டா. பக்கத்தில் நின்னுட்டு இருந்த எனக்கு நோட்டைப் பிடிச்ச கை கூசிப்போச்சு. அன்னிக்கு நைட்டு ஹாஸ்டலில், ‘‘அக்கா... டீம்ல இருந்து நின்னுக்கலாம்னு இருக்கேன்’’ன்னு மெசேஜ் அனுப்பினா.

சென்டர் பக்கம் ஒரு நியாயம்

‘அப்ப உங்க ரூம்மேட்தான் வில்லியா?’ன்னு கேட்காதீங்க. அவ கதையைக் கேட்டா நீங்களே 40 நிமிஷமும் அவளுக்கே கொடுக்கச் சொல்வீங்க.

அவ அப்பா விசைத்தறி ஓட்டறவர். வீட்டில் முதல் டிகிரி இவதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலைக்குப் போகணுங்கிறதுதான் அவ கனவு. அரசு வேலைக்கு விளையாட்டுச் சான்றிதழ்களில் ஃபார்ம் 1, 2, 3, 4னு வகை இருக்கு. காலேஜ் லெவலில் கைக்கு எட்டறது ஃபார்ம் 3. அது காலேஜ் டீமில் ஆடினா கிடைக்காது. யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடணும். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க இன்டர் காலேஜ் மேட்ச்சில்தான் வந்து உட்கார்ந்து பார்ப்பாங்க.

‘‘நான் பெஞ்ச்ல உட்கார்ந்தா அவங்க கண்ணுல எப்படிடி படுவேன்? அப்புறம், ஒரு தடவை வெளிய வந்துட்டா திரும்ப எப்ப உள்ள விடுவாங்கனு யாருக்குத் தெரியும்? மூச்சு வாங்குதுன்னு சொன்னா, ‘இவளுக்கு ஸ்டாமினா இல்லை’னு முத்திரை குத்திருவாங்க. அதான் கையைத் தூக்கறதே இல்லை.’’

பாருங்க... ஒருத்திக்கு நிமிஷம்ங்கிறது வேலை. இன்னொருத்திக்கு நிமிஷம்ங்கிறது அப்பா முகம். ரெண்டு பேருமே சரி. ஆனா, மொத்தம் 200 நிமிஷம்தான். என்ன செய்ய?

அமெரிக்காவில் என்ன பண்றாங்க?

முட்டியில் ஐஸ்பேக் வெச்சுக்கிட்டுப் படுத்திருந்த மாசங்களில் எனக்கு இதே ஆராய்ச்சிதான். காலேஜ் பேஸ்கட்பாலை ஒரு திருவிழா மாதிரி கொண்டாடற நாடு அமெரிக்கா. அங்கேயும் காலேஜ் மேட்ச் 40 நிமிஷம், அதே 200தான். அவங்க எப்படிப் பங்கு போடறாங்கனு தேடித் தேடிப் படிச்சேன்.

முதல் கேஸ், க்ரின்னெல். அயோவா மாநிலத்தில் இருக்கிற சின்ன காலேஜ். டேவிட் ஆர்சனோனு ஒரு கோச். ஐஸ் ஹாக்கியில் மாத்துற மாதிரி, அஞ்சு பேரையும் மொத்தமா வெளியே எடுத்து, புது அஞ்சு பேரை மொத்தமா உள்ளே அனுப்புவார். ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை! உள்ளே இருக்கிற ஒரு நிமிஷமும் வெறி பிடிச்ச மாதிரி ஓடணும், கோர்ட் முழுக்கத் துரத்தணும், த்ரீ பாயின்ட்டரா எறியணும். எல்லாருக்கும் ஆட்டம் கிடைக்கும். ஆனா, ஒரு சுவாரஸ்யம் பாருங்க. 2012 நவம்பர் 20-ம் தேதி அதே க்ரின்னெலில் ஜாக் டெய்லர்ங்கிற பையன் ஒரே மேட்ச்சில் 138 பாயின்ட் போட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சான். அன்னிக்கு அவன் மட்டும் ஆடினது 36 நிமிஷம்! எல்லாருக்கும் பங்கு பிரிக்கிற சிஸ்டத்திலேயே ஒருத்தனுக்கு 36 நிமிஷம் போக முடியும். சிஸ்டம் மட்டும் இருந்தா போதாது, அதை யார் எதுக்குப் பயன்படுத்தறாங்கங்கிறதுதான் மேட்டர்.

ரெண்டாவது, கென்டக்கி யுனிவர்சிட்டி, 2014-15 சீஸன். ஜான் கலிபாரி கோச். பெஞ்ச்சில் இருக்கிறவங்களே வேற காலேஜுக்குப் போனா ஸ்டார் ஆகிடுவாங்க, அப்படி ஒரு டீம். அவர் சீஸன் ஆரம்பத்தில் ரெண்டு தனித்தனி அஞ்சு பேரா பிரிச்சு மாத்தி மாத்தி இறக்கினார். டிசம்பரில் ஒரு முக்கியமான வீரருக்கு ஏ.சி.எல். கிழிஞ்சதும் (ஆமாங்க, அதே என் வியாதிதான்!) அந்த முறை கலைஞ்சுது. ஆனாலும், நிமிஷங்களைப் பரவலாகவே பிரிச்சுக் கொடுத்தார். 38 மேட்ச் வரிசையா ஜெயிச்சு, 39-வது மேட்ச்சான தேசிய அரையிறுதியில் விஸ்கான்சின்கிட்ட 71-64னு தோத்தாங்க. அந்த டீமில் டெவின் புக்கர்னு ஒரு பையன். அந்த சீஸனில் ஒரு மேட்ச்சில்கூட ஸ்டார்ட்டிங் ஃபைவ்வில் இறங்கலை. பெஞ்ச்சில் இருந்து எழுந்து வந்து, மேட்ச்சுக்கு சராசரியா 21 நிமிஷம் ஆடினான். அதே 2015-ல என்.பி.ஏ. டீம் அவனை 13-வது ஆளா எடுத்துச்சு. 2017-ல ஒரே என்.பி.ஏ. மேட்ச்சில் 70 பாயின்ட்!

இதைப் படிச்சதும் ரூம்மேட்டைத் தட்டி எழுப்பி, ‘‘கேட்டியா? பெஞ்ச்ல இருந்தாலும் கண்ணுல படலாம்டி’’ன்னேன். ‘‘அது கென்டக்கி. இது நம்ம ஊரு. தூங்க விடு’’ன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டா. அதுவும் நியாயம்தான்!

மூணாவது கேஸ்தான் எங்களுக்கு மருந்தா வந்துச்சு. டீன் ஸ்மித். நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில் 1961-ல இருந்து 1997 வரைக்கும் கோச். 879 வெற்றி. மைக்கேல் ஜோர்டான் இவரோட மாணவர். இவர்கிட்ட ஒரு எளிமையான விதி இருந்துச்சு. ஆடிட்டு இருக்கிறவனுக்கு மூச்சு முட்டினா, கை முஷ்டியை மடக்கித் தூக்கிக் காட்டணும். உடனே வெளியே எடுத்துடுவார். திரும்ப உள்ளே போறது எப்போ? அதை அந்த வீரனே முடிவு பண்ணலாம்! ‘நான் ரெடி’ன்னு சொன்னா உள்ளே அனுப்பிடுவார். ஆனா, களைப்பை மறைச்சு ஆடி, அதை கோச்சே கண்டுபிடிச்சு வெளியே எடுத்தா, திரும்ப உள்ளே விடறது கோச் இஷ்டம்.

என்ன அழகான ஐடியா பாருங்க! நேர்மையா ‘முடியலை’ன்னு சொல்றவனுக்கு தண்டனை இல்லை, சாவி அவன் கையிலேயே இருக்கு. நடிக்கிறவனுக்குத்தான் நஷ்டம்.

இவர் 2015-ல காலமானார். உயிலில் தன்கிட்ட ஆடின சுமார் 180 முன்னாள் வீரர்களுக்கு ஆளுக்கு 200 டாலர் எழுதி வெச்சிருந்தார். ‘நல்லா ஒரு வேளை வெளியில சாப்பிடுங்க’ன்னு. ஸ்டாருக்கும் 200, பெஞ்ச்காரருக்கும் 200. நிமிஷத்தை சமமாப் பிரிக்க முடியாது. மரியாதையை முடியும்!

மேம் போட்ட பட்ஜெட்

கிராஃப் ஷீட்டையும் டீன் ஸ்மித் கதையையும் எடுத்துட்டுப் போய் மேம் டேபிளில் வெச்சேன். ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

சென்டருக்கு 32. என் இடத்தில் இப்ப ஆடற செகண்ட் இயர் பாயின்ட் கார்டுக்கு 30. மத்த மூணு ஸ்டார்ட்டர்ஸுக்கு 28, 26, 24. ஆக, அஞ்சு பேருக்கு 140. மிச்சம் 60. அதில் ஆறாவது ஆளுக்கு 18, ஏழாவதுக்கு 16, எட்டாவதுக்கு 12, பெரியகுளத்துக்கு 8. எனக்கு, ஒன்பது மாசம் முடிஞ்சு ஃபிசியோ பச்சைக்கொடி காட்டினா, 6. கூட்டிப் பாருங்க, சரியா 200.

‘‘மேம், பதினொண்ணும் பன்னண்டும்?’’னு கேட்டேன்.

‘‘பூஜ்யம். அதையும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்’’ன்னார்.

நான் மேமை மதிக்க ஆரம்பிச்சது அந்த நிமிஷத்தில்தான். ஒவ்வொருத்தியையும் தனித்தனியா ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். நம்பரை மட்டும் சொல்லலை. எந்த குவார்ட்டர், எதுக்கு, என்ன வேலைன்னும் சொன்னார். பெரியகுளத்துக்கு அவர் சொன்னது இது: ‘‘உனக்கு 8 நிமிஷம். முதல் குவார்ட்டர் கடைசி மூணு நிமிஷம், ரெண்டாவது குவார்ட்டர் தொடக்கத்துல ரெண்டு, மூணாவதுல மூணு. பாயின்ட் போடணும்னு நான் கேட்கல. அவங்க நெட்டைப் பொண்ணு கைக்குப் பந்து போகக் கூடாது. அது மட்டும்தான் உன் வேலை.’’

முதல் குவார்ட்டர் கடைசி மூணு, ரெண்டாவதோட முதல் ரெண்டுங்கிறதில் ஒரு சூட்சுமம் இருக்கு. நடுவில் 2 நிமிஷம் இடைவேளை. சென்டருக்கு ஆட்டக் கணக்கில் அஞ்சு நிமிஷம்தான் நஷ்டம். ஆனா, விசில், ஃப்ரீ த்ரோ, இடைவேளை எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து மூச்சு விட பத்து நிமிஷம்கிட்ட கிடைச்சுடும். டீக்கடை பாஷையில் சொன்னா... ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்!

பூஜ்யம் வாங்கின ரெண்டு பேரில் ஒருத்தி, ‘‘தேங்க்ஸ் மேம்’’னு சொல்லிட்டு சி.ஏ. ஃபவுண்டேஷன் கோச்சிங்கில் சேர்ந்துட்டா. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைச்சுது. இன்னொருத்தி, ‘‘எனக்கு இந்த கிரவுண்டுதான் பிடிச்சிருக்கு, நான் இருக்கேன்’’னு இருந்துட்டா. அப்புறம் ஒருநாள் என்கிட்ட சொன்னா... ‘‘ரெண்டு வருஷமா ஒவ்வொரு மேட்ச்லயும் இன்னிக்கு இறக்குவாங்களோனு பார்த்துப் பார்த்து வயிறு எரியும். இப்ப ஜீரோன்னு தெரியும். நிம்மதியா கத்தி கத்தி சப்போர்ட் பண்றேன்.’’

பெஞ்ச் வலிக்கிறது உட்கார்றதால இல்லை. எதுக்குக் காத்திருக்கோம்னு தெரியாம உட்கார்றதால!

முஷ்டியைத் தூக்கின நாள்

பிப்ரவரியில் இன்டர் காலேஜ் அரையிறுதி. பவர்ஃபுல் டீம் எதிரில். கேலரியில் செலக்டர்ஸ். ஆட்டம் ஆரம்பிச்சு நாலே நிமிஷம்... எங்க சென்டருக்கு ரெண்டு ஃபவுல்! அஞ்சு வாங்கினா மேட்ச்சை விட்டே வெளியே போகணும். மேம் போட்ட பட்ஜெட் அங்கேயே கிழிஞ்சுது.

‘‘பெரியகுளம், போ!’’

அவ ஓடிப்போய் ஸ்கோரர் மேசை பக்கத்தில் உட்கார்ந்தா. அடுத்த விசில் வந்தாதான் உள்ளே போக முடியும். ஆட்டம் நிக்காம ஓடுது. ஒரு நிமிஷத்துக்கு மேல விசிலே வரலை. நான் பெஞ்ச்சில் இருந்து அவளையே பார்த்தேன். ஷூ லேஸைத் தொடலை, கேலரியைப் பார்க்கலை. எதிர் டீம் நெட்டைப் பொண்ணு எந்தப் பக்கம் திரும்பறானு மட்டும் பார்த்துட்டு இருந்தா.

விசில் வந்துச்சு. உள்ளே போனா. அந்தப் பொண்ணை ஒரு நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டா. 8 நிமிஷம்னு போட்டது 15 நிமிஷம் ஆச்சு. போட்டது ரெண்டே பாயின்ட். வாங்கினது நாலு ஃபவுல். ஆனா, அவ உள்ளே இருந்த நேரத்தில் ஸ்கோர் எங்களுக்கு ஒரு பாயின்ட் சாதகம். ஒரே மேட்ச் ப்ளஸ்-மைனஸை நம்பி யாரையும் எடை போடக் கூடாது. கூட ஆடற நாலு பேர் யாருங்கிறதைப் பொறுத்து அது தலைகீழா மாறும். ஆனா, ரிசர்வ் சென்டர் உள்ளே இருக்கும்போது டீம் மூழ்கலைங்கிறது அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுது. முக்கியமா, என் ரூம்மேட்டுக்கு.

எனக்கு ரெண்டாவது குவார்ட்டரில் என் 6 நிமிஷம் வந்துச்சு. 30 நிமிஷம் ஆடின காலத்தில் முதல் அஞ்சு நிமிஷத்தைச் சும்மா பழகிக்கவே செலவழிப்பேன். இப்ப ஆறும் தங்கம். அவங்க பாயின்ட் கார்டை பந்தோட பாதிக் கோர்ட்டைத் தாண்ட விடாம நெருக்கினேன். ஆறாவது நிமிஷம் முட்டி ‘போதும்’னுச்சு. வந்து உட்கார்ந்து கிராஃப் ஷீட்டை எடுத்துக்கிட்டேன்.

கடைசி குவார்ட்டர், ஆறு நிமிஷம் பாக்கி. ரெண்டு பாயின்ட் பின்னாடி இருக்கோம். திடீர்னு கோர்ட் நடுவில் ஒரு கை மேலே போச்சு. மடக்கின முஷ்டி. என் ரூம்மேட்! கையைத் தூக்கவே மாட்டேன்னவ, செலக்டர்ஸ் பார்த்துட்டு இருக்கும்போதே தூக்கினா. அடுத்த விசிலில் வெளியே வந்து தண்ணி குடிச்சா, குனிஞ்சு மூச்சு வாங்கினா. ரெண்டு நிமிஷம். அப்புறம் மேம் பக்கம் திரும்பி, ‘‘மேம், நான் ரெடி.’’ மேம் ஒரு கேள்வியும் கேட்கலை. ‘‘போ.’’

கடைசி அரை நிமிஷத்தில் ஒரு பாயின்ட் முன்னாடி. அவளுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டும் வலைக்குள்ளே. மூணு பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிச்சோம். அவ வரிசையில் அன்னிக்குக் கறுப்புக் கட்டம் 25தான். ஒரு வருஷத்தில் அதுதான் கம்மி.

ஃபைனலில் 14 பாயின்ட் வித்தியாசத்தில் தோத்தோம். எதிர் டீம் எங்களைவிட நல்ல டீம். நிமிஷத்தை எப்படிப் பிரிச்சாலும் சில மேட்ச் தோக்கத்தான் செய்யும். கதை சொல்றதுக்காக அதை மறைக்க வேண்டாம்!

கேப்டன்களே, கொஞ்சம் கேளுங்க!

உங்க காலேஜ் டீமில் கிராஃப் ஷீட் வாங்க 10 ரூபாய்கூட ஆகாது. ஒரு ஆள், ஒரு பென்சில், ஒரு வாட்ச் போதும். அடிபட்டு உட்கார்ந்திருக்கிற ஆள்கிட்ட கொடுங்க. அவங்களுக்கும் டீமில் ஒரு இடம் இருக்கிற மாதிரி இருக்கும்.

நாலு மேட்ச் எழுதின பிறகு பேசுங்க, ஒரு மேட்ச்சை வெச்சு முடிவு கட்டாதீங்க. மெயின் ப்ளேயரை வெளியே எடுக்கணும்னா குவார்ட்டர் முடியப்போற நேரத்தில் எடுங்க. பெஞ்ச்சில் இருக்கிறவங்களை ‘எப்ப வேணும்னாலும் ரெடியா இரு’ன்னு மட்டும் சொல்லி உட்கார வைக்காதீங்க. அது யாருக்கும் புரியாத உத்தரவு. ‘நீ உள்ளே போனா இவளைப் பிடிக்கணும்’னு ஒரு வேலையைச் சொல்லுங்க. அப்புறம், பூஜ்யம்னா பூஜ்யம்னு முகத்துக்கு நேரா சொல்லுங்க. அது கொடுமை இல்லைங்க. சொல்லாம மாசக்கணக்கில் டிராக் சூட்டோட உட்கார வைக்கிறதுதான் கொடுமை.

நாலு நிமிஷப் பிரச்னை!

என் ரூம்மேட் யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட் ஆகிட்டா. தென்மண்டலப் போட்டிக்குப் போன இடத்தில் இருந்து போன வாரம் போன் பண்ணினா. குரலே சரியில்லை.

‘‘இங்க எனக்கு முன்னாடி ரெண்டு சென்டர் இருக்காங்கடி. ரெண்டும் மலை மாதிரி. மேட்ச்சுக்கு நாலு நிமிஷம்தான் தர்றாங்க. நாலு நிமிஷத்துல என்னடி பண்றது?’’

எனக்கு சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. ‘‘இரு, இதுல எக்ஸ்பர்ட் ஒருத்தர் பக்கத்துலதான் இருக்கார்’’னு சொல்லி போனைப் பெரியகுளத்துகிட்ட கொடுத்தேன்.

அவ ஒண்ணும் பெருசா பேசலை. அவ சொன்னது இவ்வளவுதான்: ‘‘அக்கா, யாரைப் பிடிக்கணும்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. விசில் வர்ற வரைக்கும் கேலரியைப் பார்க்காதீங்க. நாலு நிமிஷம்னா கம்மியா தெரியும்க்கா... உள்ள போய்ப் பாருங்க, ரொம்ப நேரம்!’’